எந்தப் பக்கமாகச் சுற்றியது

கருத்தரங்க அறையில் முன்பக்க விளக்குகளை மட்டும் அணைத்தார்கள். மங்கை மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். அவளுக்கு மைக் வேண்டாம், எம்எஸ்ஸி படிக்கும்போதே அவள் செமினார் எடுத்தால் கடைசி பெஞ்சுவரை கேட்கும், அந்தக் கடைசி பெஞ்சில்தான் தயாளன் உட்கார்ந்திருப்பான், இன்றைக்கும் கடைசி வரிசைதான், கதவை ஒட்டி, டீ வந்தால் சத்தமில்லாமல் எழுந்து போக வசதியாக. மனைவிக்கு டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நடக்கிற நாளில் புருஷனுக்கு இதுதான் வேலை. சமோசா, மைசூர்பாகு, டீ, பொன்னாடை, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளரை ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வருவது, முடிந்ததும் கொண்டுபோய் விடுவது. எல்லாம் நான் பாத்துக்கிறேன், நீ பேசுறதை மட்டும் பாரு என்று அவன்தான் சொன்னான். அப்போது அவள் அவன் தோளில் கொஞ்சநேரம் தலை சாய்த்திருந்தாள், அந்தத் தோள் இப்போது கனக்கிறது. அவள் அவையோருக்கு வணக்கம் சொல்கிறாள், நெறியாளர் ஹெப்சிபா மேடம், தேர்வாளர் பேராசிரியர் சுந்தரவதனம் என்று வரிசையாக. முன்வரிசையில் அவருடைய நரைத்த பின்னந்தலை லேசாக அசைகிறது. அதற்குள்தான் இருக்கிறது. காலையில் காரில் இவன் போட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது கேள்வியாக வெளியே வரும். வராமலும் போகலாம். வயதானவர், நிறைய தீசிஸ் படிக்கிறவர், காரில் ஒருத்தன் உளறியதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். ஆனால் அவர் தலையாட்டினாரே. கண்ணை மூடிக்கொண்டு, ருசி பார்க்கிற மாதிரி, மெதுவாக.

அவர் பையை வாங்கிக் கொண்டதுதான் தவறோ. ஸ்டேஷன் வாசலில் பையை வாங்கி டிக்கியில் வைத்துவிட்டு வருவதற்குள் அவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டி நகர்ந்ததும், "டிபார்ட்மெண்ட் வண்டியா தம்பி?" என்றார். இல்லை சார், என்னோடதுதான், நான் மங்கையர்க்கரசியோட ஹஸ்பண்ட் என்றதும் மனிதர் உண்மையாகவே பதறிப்போனார், மன்னிக்கணும் மன்னிக்கணும், நிறுத்துங்க, நான் முன்னாடி வந்துடறேன் என்றார். அவன் சிரித்து, பரவாயில்ல சார் என்று சொல்லி, அந்தச் சிரிப்பை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினான். நீங்க என்ன பண்றீங்க. நானும் கெமிஸ்ட்ரிதான் சார். அடடே, எந்த ஏரியா. ஏரியா என்ற சொல்லை அவனிடம் யாரும் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது. இன்ஜினியரிங் காலேஜில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு எடுக்கிறேன் என்றான். "ஓஹோ" என்றார். அவ்வளவுதான். அதில் இளக்காரம் இருந்திருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம். ஒன்றுமே இல்லாத ஓஹோ அது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு ஜவுளிக்கடை போர்டை வாசிக்க ஆரம்பித்தார். கடின நீர், மென்னீர், கடின நீரில் சோப்பு நுரைக்காது, ஏன் நுரைக்காது, எழுதிக்கோங்க. வருஷா வருஷம் அதே பலகை, அதே வாக்கியம். மேம்பாலம் ஏறும்போது வாய் தானாகத் திறந்துகொண்டது. இல்லை, தானாக இல்லை. அப்படிச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. சட்டை எடுக்கிற மாதிரி, எதைச் சொன்னால் எடுப்பாக இருக்கும் என்று தேடி அதை எடுத்தான். "சார், அஞ்சாவது சாப்டர்ல ஒரு விஷயம் கவனிச்சிருப்பீங்க." ரியர்வியூ கண்ணாடிக்குள் அவர் கண்கள் வந்தன.

கவனித்திருக்கவில்லை. அது அந்தக் கண்களிலேயே தெரிந்தது, தெரிந்ததும் இவனுக்கு உற்சாகம் கூடியது. மங்கையின் சாய மூலக்கூறுக்கு இடது வலது கிடையாது, தட்டையான தட்டு மாதிரி. தண்ணீரில் கொத்தாகச் சேரும்போதுதான் அது முறுக்கிக் கொள்கிறது, சில சமயம் இடப்பக்கம், சில சமயம் வலப்பக்கம். எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிப்பது கூடவே சேர்க்கிற துளி டார்டாரிக் அமிலம் என்பது அவள் கண்டுபிடிப்பு. அந்த அமிலத்தில் இடக்கை வகை, வலக்கை வகை என்று இரண்டு உண்டு. ஒன்றைப் போட்டால் முறுக்கு எப்போதும் அவள் சொன்ன பக்கம் வருகிறது. மற்றதைப் போட்டால் எதிர்ப்பக்கம் வர வேண்டும், சில தடவை வருவதில்லை. "ஏன் சார் வரல? எல்லா சாம்பிளும் ஒரே ஸ்டிரர்ல வச்சுக் கலக்கினது. அந்த ஸ்டிரர் ஒரு பக்கமாத்தான் சுத்தும். அப்ப முறுக்குறது அமிலமா, ஸ்டிரரா?" பாலம் இறங்கி முடிந்தது. அவர் கண்ணை மூடி, தலையாட்டி, "நல்ல பாயிண்ட்" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "நீங்க ரிசர்ச்ச விட்டிருக்கக் கூடாது" என்றார். ஒரு சந்தோஷம் வந்ததே அப்போது. காதுமடல் சுட்டது. கியர் மாற்றுகிற கைகூட வேறு யாருடையதோ போல லேசாக இருந்தது. துறை வாசலில் புங்கமரத்து நிழலில் வண்டியை நிறுத்துகிறவரை அது இருந்தது, எஞ்சினை அணைத்து, அந்தச் சத்தம் நின்ற இடத்தில்தான், நாம் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

மேடையில் மங்கை கண்ணாடிக் குப்பியைத் தூக்கிக் காட்டுகிறாள். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவள் இரண்டாம் வரிசையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்காகத் தமிழுக்கு மாறுகிறாள். "நம்ம ரத்தத்துல இருக்குற சிவப்பு, இலையில இருக்குற பச்சை, ரெண்டுக்கும் உள்ள ஒரே மாதிரி ஒரு வளையம் இருக்கு. அந்தக் குடும்பத்துக்குப் பேர் போர்ஃபிரின்." குப்பியில் இளஞ்சிவப்பு நீர். ஒரு சொட்டு அமிலம் விடுகிறாள். பச்சையாகிறது. அவள் அண்ணன் எழுந்து நின்று போனில் படம் எடுக்கிறார். "இப்ப உள்ள இந்தத் தட்டுங்க ஒண்ணு மேல ஒண்ணு சரிஞ்சு சரிஞ்சு அடுக்கிக்குது, சரிஞ்ச சீட்டுக்கட்டு மாதிரி. நான் அடுக்கல. யாரும் அடுக்கல. தண்ணிக்குள்ள அதுங்களே தேடிப்போய்ச் சேர்ந்துக்குது." எத்தனை அழகாகச் சொல்கிறாள். இந்தப் போர்ஃபிரினைச் செய்கிற வேலை ஒரு காலத்தில் அவனுடையது. அதே ஹெப்சிபா மேடம், பக்கத்து அறை. ஓர் அமிலத்தில் கொதிக்க வைத்தால் குடுவைக்குள் தார் மாதிரி கறுப்பாகத் திரளும், அதைக் கழுவிக் கழுவி எடுத்தால் அடியில் ஊதா நிறத்தில் மினுக்கென்று படிகம் கிடைக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கிடைத்தது. அவனுக்குப் பெரும்பாலும் தார்தான் கிடைத்தது. சட்டையிலும் தலைமுடியிலும் புளித்த வியர்வை போல அந்த அமிலத்தின் வாடை, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எழுந்து போவார்கள். மூன்று வருஷம். பிறகு மகள் பிறந்தாள், காலேஜ் வேலை வந்தது, போய்விட்டான். குடும்பத்துக்காக விட்டுக்கொடுத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். மங்கையின் அண்ணன் ஒரு கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்கச் சொன்னார். மங்கையே நம்புகிறாள். வேலை உத்தரவு வந்த அன்று அவன் எப்படித் தூங்கினான் என்பது யாருக்கும் தெரியாது. குடுவை இல்லாத, தார் இல்லாத தூக்கம். விட்டுக்கொடுக்கவில்லை, ஓடிவந்தான். ஓடிவந்தவனுக்குத் தியாகி என்று பெயர் கிடைத்தபோது மறுக்காமல் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டான், வருஷக்கணக்கில் அதைச் சாப்பிட்டும் வந்திருக்கிறான்.

சொல்ல நேரம் இருந்தது. அந்த நினைப்புதான் போகமாட்டேன் என்கிறது. பேராசிரியர் ஹெப்சிபா மேடத்தின் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மங்கை வராந்தாவுக்கு வந்து, புடவை மடிப்பைச் சரிசெய்தபடி, "சார் வழியில என்ன பேசினாரு?" என்று கேட்டாள். அப்போது சொல்லியிருந்தால் ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டிருப்பாள், மேடத்திடம் கேட்டிருப்பாள். "ஒண்ணுமில்ல. ட்ரெயின்ல ஏசி ஜாஸ்தின்னாரு" என்றான். அவள் சிரித்தாள். நல்ல மனுஷன் போல இருக்கு என்றாள். ஏன் சொல்லவில்லை. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். தீசிஸைப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். பைண்ட் செய்து வந்த முதல் பிரதியை அவன் கையில் கொடுத்து, நேரம் கிடைச்சா படிச்சுப் பாரேன் என்று அவள் சொல்லியிருந்தாள். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது, எங்க, பேப்பர் திருத்தவே நேரமில்ல என்றான். ஆனால் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் முழுக்கப் படித்திருந்தான். முதலில் வேடிக்கை பார்க்கிற மாதிரி, அப்புறம் டீ ஆறுவது தெரியாமல். மூன்றாம் அத்தியாயத்தில் அந்தத் தட்டுகள் அடுக்கி அடுக்கி இழைகளாக வளர்கிற விதத்தை அவள் எழுதியிருந்த இடம் வந்தபோது எழுந்து வீட்டுக்குள் நடந்தான். இவள் இவ்வளவு தூரம் போய்விட்டாளா. ஐந்தாம் அத்தியாயத்தில் அந்த ஓட்டை அகப்பட்டது. சோற்றில் கல் அகப்பட்டவன் துப்புவான், இவன் அதை வாயிலேயே வைத்துக்கொண்டான். கேஸ் சிலிண்டர் மாற்றும்போது, மகளுக்குத் தலை பின்னும்போது, அவள் லேபிலிருந்து களைத்து வந்து சோபாவில் சரியும்போது, எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது என்று அந்தக் கல்லை நாக்கால் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அதை எடுத்துக் கொடுத்தது யாரிடம். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அந்நியரிடம், ஒரு ஓஹோவைத் தாங்க முடியாமல்.

ஐந்தாம் அத்தியாயத்தின் வரைபடம் திரையில் வருகிறது. மேலே எழும் ஒரு கோடு, கீழே இறங்கும் ஒரு கோடு, கீழே இறங்குவது, அந்த மற்ற அமிலத்துடையது, கொஞ்சம் சோனியாக இருக்கிறது. அவள் அதை வேகமாகக் கடந்துபோகிறாள், வேண்டுமென்று இல்லை, அதிலிருக்கும் ஓட்டை அவளுக்குத் தெரியவே இல்லை. கண்ணெதிரில் இருப்பது தெரியாமல் போகும், தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும். முன்வரிசையில் தலை கவிழ்ந்திருக்கிறது. தூங்குகிறாரா. தூங்கட்டும். இரவெல்லாம் ரயிலில் வந்தவர், ஏசி இல்லாத அறை, தூங்கட்டும். யாரோ அவன் தோளைத் தொட, பதறித் திரும்புகிறான். டீ வந்துவிட்டது. வெளியே போய் ஃப்ளாஸ்க்குகளை வாங்கி ஜன்னல் திட்டில் வைக்கிறான், தட்டுகளை எண்ணாமல் பரப்புகிறான், மைசூர்பாகின் நெய் விரலில் ஒட்டுகிறது. இப்படியே வெளியிலேயே நின்றுவிடலாம். கேள்வி வந்தால் கேட்காது. ஆனால் கால் உள்ளேதான் போகிறது. பார்க்கத்தான் வேண்டும். பயமா அது, அல்லது இன்னும் வேறு ஏதாவதா. அந்தக் கேள்வி வந்து அவள் திணறுவதைப் பார்க்க ஓர் ஓரத்தில் ஆசை இருக்கிறதா. கதவைப் பிடித்தபடி அதைத் தனக்குள் தேடிப் பார்த்தான். இருந்தது. சின்னதாக, வெட்கமில்லாமல், விழித்துக்கொண்டு.

கடைசி ஸ்லைடு. நன்றி. மேடத்தின் பெயர், ஆய்வகத் தோழர்கள், அண்ணன், மகள். எல்லாவற்றுக்கும் கீழே, "தன் ஆய்வை எனக்காக விட்டுக்கொடுத்த தயாளனுக்கு." கைதட்டல். விளக்கைப் போட்டார்கள், திரையை யாரும் அணைக்கவில்லை. அந்த வரி அங்கேயே நின்றது. அவள் அதன் முன்னால் நின்றாள். பேராசிரியர் சுந்தரவதனம் எழுந்து, நல்ல உரை, ரொம்பத் தெளிவு என்று ஆரம்பித்து, சின்னச் சின்னதாக இரண்டு மூன்று கேட்டார், அவள் பட்பட்டென்று பதில் சொன்னாள். போதும் சார், உட்காருங்க சார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அஞ்சாவது சாப்டருக்கு வருவோம். உங்க சாம்பிள் எல்லாம் ஒரே ஸ்டிரர்ல கலக்கினதா?"

"ஆமா சார்."

"அது எந்தப் பக்கமாச் சுத்தும்?"

மங்கை ஸ்டிரரை மனதுக்குள் ஓடவிட்டுப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது, வலது ஆள்காட்டி விரல் காற்றில் சின்னதாக ஒரு வட்டம் போட்டது. அந்த வட்டம் பாதியில் நின்றது. அவ்வளவுதான், புரிந்துவிட்டது. கேள்வி முழுக்க வருவதற்கு முன்பே அவள் அதன் கடைசிவரை போய்விட்டாள்.

"ஒரு பக்கமாத்தான் சார் சுத்தும்."

"அப்ப அந்த முறுக்கு அமிலத்தால வந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க?"

ஹெப்சிபா மேடம் பேனாவைத் திறந்து மூடினார். அவள் அண்ணன் ஒன்றும் புரியாமல், ஏதோ சரியில்லை என்பது மட்டும் புரிந்து, போனைக் கீழே இறக்கினார். தயாளன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். சற்று முன் விழித்துக்கொண்டிருந்தது இப்போது எங்கே போனது, தேடினாலும் இல்லை. சொல்லு மங்கை, ஏதாவது சொல்லு, அது சின்ன விளைவு சார் என்று சொல்லு, சமாளி.

"சொல்ல முடியாது சார்" என்றாள். குரல் கொஞ்சம்தான் தணிந்திருந்தது. "மறுபக்கமாச் சுத்திப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. தோணியிருக்கணும். ரெண்டாவது அமிலத்துக்கு ஏன் சரியா வரலன்னு நான் சாம்பிளையே சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்." ஒரு மூச்சு வாங்கினாள். "இப்ப எழுதியிருக்குற மாதிரி அந்த முடிவு நிக்காது. அமிலம் ஒரு காரணமா இருக்கலாம்னுதான் எழுத முடியும். மாத்திக் குடுத்துடறேன் சார்."

ஏழு வருஷத்தின் முத்தாய்ப்பான அத்தியாயத்தை, தன் மனிதர்கள் முன்னால் நின்று, தன் வாயாலேயே பாதியாக வெட்டிப் போட்டாள். அவன் குடுவையில் தார் வந்தபோதெல்லாம் அதை மூடிவைத்துவிட்டு, பைரோல் பாட்டில் பழசு மேடம், கூலிங் சரியா இல்ல மேடம் என்றுதான் சொல்லியிருக்கிறான். தெரியல என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

பேராசிரியர் தலையாட்டினார், அதே தலையாட்டல். "இதுதான்மா பதில். மத்த நாலு சாப்டரும் போதும், தாராளமாப் போதும்" என்று சொல்லி, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. அது அடங்குவதற்குள் கையை உயர்த்தி, "இந்தக் கேள்விக்கான கிரெடிட் எனக்குச் சேராது. காலையில கார்ல வரும்போது இவங்க ஹஸ்பண்ட் எடுத்துச் சொன்னது. வீட்டுக்குள்ளயே ஒரு எக்ஸாமினர வச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார். பெருந்தன்மையாக, கடைசி வரிசையைக் கைகாட்டி. எல்லோரும் திரும்பிச் சிரித்தார்கள், மறுபடி தட்டினார்கள், இந்தத் தடவை அவனுக்காக. மங்கையும் தட்டினாள். தட்டியபடியே அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. எதிர்பாராத எண் காட்டுகிற கருவியைப் பார்க்கிற மாதிரி, புருவத்தைச் சுருக்கி, இது எப்படி என்று பார்த்தாள். அவள் தலைக்கு மேலே திரையில் அந்த வரி. அவள் அண்ணன் வந்து அவன் முதுகில் தட்டி, "கலக்கிட்டீங்க மாப்ள" என்றார். அவன் சிரித்தான். முகம் அதைச் செய்தது.

பொன்னாடை, போட்டோ, சமோசா. எல்லோரும் கீழே இறங்கியபின் வராந்தாவில் காலி டீக் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிக்கொண்டிருந்தான். அவள் வந்து ஜன்னல் திட்டில் சாய்ந்து நின்றாள்.

"படிச்சியா?"

"ம்."

"முழுசாவா?"

"முழுசா. நீ அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தப்ப."

"நேரமில்லன்னு சொன்ன."

அவன் கப்பைச் சொருகினான். மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டும். ஆனால் எதற்கு என்று கேட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது, காரிலிருந்தா, அந்த வாரத்திலிருந்தா, அந்த நல்ல தூக்கத்திலிருந்தா. திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நல்லது. அவள் புடவைத் தலைப்பின் நுனியைச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கேட்கிறவள் போல, "எப்படி இருந்துச்சு?" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். உண்மையாகவே கேட்கிறாள். இந்தக் கட்டடத்தில் அவள் அதைக் கேட்க விரும்பிய ஒரே ஆள் அவன்தான் என்பது அப்போதுதான், அந்த முகத்தைப் பார்த்தபோதுதான், அவனுக்குத் தெரிந்தது. எத்தனை நாளாகக் காத்திருந்திருக்கிறாள்.

"நல்லா இருந்துச்சு" என்றான்.

அது உண்மை. அவன் வாயிலிருந்து வந்தபோது பொய் மாதிரி கேட்டது. அவனுக்கே அப்படிக் கேட்டது. அவள் இன்னும் ஏதாவது வருமா என்று கொஞ்சம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "சாவியக் குடு. சாரை நானே கொண்டு விடறேன்."

கொடுத்தான். அவள் படியிறங்கும் சத்தம் கீழே போய் நின்றது. மூன்றாம் அத்தியாயம், அந்த இழைகள், எழுந்து நடந்தது, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. கப்புகளைப் போட்டுவிட்டு ஓடினான். அவன் வெளியே வரும்போது வண்டி நகர ஆரம்பித்திருந்தது, கையைக் காட்டிக்கொண்டு குறுக்கே போனான், நின்றது. பேராசிரியர் இந்த முறை முன்சீட்டில் இருந்தார். அவர் இருப்பதைப் பார்த்ததும் நாக்கு பின்வாங்கியது. குனிந்து, அவள் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க, "மூணாவது சாப்டர ரெண்டு தடவ படிச்சேன்" என்றான்.

பேராசிரியர் நாகரிகமாக மறுபக்கம் திரும்பிக்கொண்டார். மங்கை ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தாள்.

"வந்து கேக்கறேன்" என்றாள். "எல்லாத்தையும்."

கண்ணாடி ஏறியது. அவன் விரல்களை எடுத்துக்கொண்டான். வண்டி வாசல் தாண்டித் திரும்பிய பிறகும், அவள் வந்து கேட்கும்போது எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் வெயிலிலேயே நின்றிருந்தான்.